நம் நகர் டவர் லைனைப் படம் எடுக்கலாம் வாங்க

(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் கையில் கேமரா கிடைத்தால் எதை எடுப்பான்? பறவை, பூ எல்லாம் எடுக்க நம் நகரில் ஆள் இருக்கிறார்கள். நான் மேற்குப் பக்கம் போகும் 110 கே.வி. டவர் லைனை எடுக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், பரவாயில்லை.

டவரின் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக ஆறு கம்பிகள். மூன்று கம்பி சேர்ந்தால் ஒரு சர்க்யூட். ஆகவே இது இரட்டை சர்க்யூட் லைன். உச்சியில் தனியாகப் போகும் மெல்லிய கம்பி எர்த் வயர். இடியைத் தாங்கி நிலத்துக்கு இறக்கும். கம்பியில் குட்டி டம்பெல் மாதிரித் தொங்குவதை ஒரு குழந்தை "பல்லியா தாத்தா?" என்று கேட்டது. மெல்லிய காற்றில் கம்பி வீணைத் தந்தி போல அதிரும். அந்த அதிர்வைத் தணிக்கும் கருவி அது. 1920-களில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற அமெரிக்கப் பொறியாளர் கண்டுபிடித்தது, அவர் பெயராலேயே வழங்குகிறது.

பீங்கான் தட்டுகளை ஜூம் செய்து எண்ணுங்கள். 110 கே.வி.க்குப் பெரும்பாலும் 7 முதல் 9 வரை இருக்கும். 230 கே.வி. என்றால் 13, 15 என்று போகும். புது லைன்களில் பாலிமர் கம்பம் வந்துவிட்டதால் இந்தக் கணக்கு அங்கே செல்லாது.

ஏன் இவ்வளவு வோல்ட்? 100 மெகாவாட்டை 11 கே.வி.யில் அனுப்பினால் ஏறக்குறைய 5,250 ஆம்பியர் ஓட வேண்டும். 110 கே.வி.யில் 525 போதும். ஆம்பியர் பத்தில் ஒன்றானால், அதே கம்பியில் சூடாகி வீணாவது நூறில் ஒன்றாகிவிடும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகலூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் வரும் லைன் 800 கே.வி., அதுவும் டி.சி. கரூர் பக்கம் போனால் பாருங்கள், அந்த டவரில் மூன்று மூன்றாக இருக்காது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே தொகுதிதான்.

இப்போது முக்கியமான விஷயம். வீட்டு வயருக்குப் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. இந்தக் கம்பிக்கு எதுவும் கிடையாது. அலுமினிய இழைகள், பலத்துக்கு நடுவே எஃகு, அவ்வளவுதான். 1,10,000 வோல்ட்டுக்கு உறை, சுற்றியுள்ள காற்றுதான். தொட்டால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். இடைவெளி குறைந்தாலே மின்சாரம் தாவிவிடும். காக்கா உட்காருகிறதே என்பார்கள். அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கிறது. நிலத்தோடு அதற்குத் தொடர்பில்லை. நமக்கு இருக்கிறது.

மாங்காய் சீசன் தொடங்கிவிட்டது. மேற்கு வரிசையில் இரண்டு மொட்டை மாடிகளில் அலுமினியக் குழாயில் கட்டிய தொரட்டியைப் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் தயவுசெய்து இன்றே இறக்கிவிடுங்கள். செல்பி குச்சி, ஈரப் பட்ட நூல், ட்ரோன் எல்லாம் இதே கதைதான். ட்ரோன் கேமராவில் கம்பி கண்ணுக்கே தெரியாது.

அதே வரிசையில் மாடி எழுப்ப இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 33 கே.வி.க்கு மேற்பட்ட லைனிலிருந்து கட்டடம் பக்கவாட்டில் 2 மீட்டர், உயரவாக்கில் 3.7 மீட்டர் விலகியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 33 கே.வி.க்கும், மிச்சம் வருவதற்கும் சேர்த்து, 0.3 மீட்டர் கூட்டணும். நம் லைனுக்கு 2.9, 4.6 மீட்டர் வருகிறது. இது கம்பி அதிகபட்சம் தொய்ந்து, காற்றில் அதிகபட்சம் ஆடும் நிலையில் இருக்க வேண்டிய தூரம். காலையில் பார்த்து "நிறைய இடம் இருக்கே" என்று சொல்வது கணக்கில் சேராது. மே மாத வெயிலும் ஓடும் கரன்டும் சேர்ந்து கம்பியை நீட்டி இறக்கிவிடும். டேப் எடுத்துக்கொண்டு அளக்கப் போகாதீர்கள். மின்வாரியத்துக்கு எழுதுங்கள், அவர்கள் வந்து அளப்பார்கள்.

இங்கேதான் படம் உதவும், ஆனால் படம் ஏமாற்றவும் செய்யும். தூரத்திலிருந்து ஜூம் செய்தால் லைனுக்கு முப்பது மீட்டர் முன்னால் இருக்கும் தென்னை, கம்பியைத் தொடுவது போலத் தெரியும். அந்தப் படத்தோடு புகார் கொடுத்தால் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். இரண்டு படம் வேண்டும். லைன் போகும் திசையிலேயே பார்த்து ஒன்று. மரம் கம்பிக்கு நேர் கீழா, ஒதுங்கி இருக்கிறதா என்று அதில் தெரியும். பக்கவாட்டில் நின்று மற்றொன்று. உயர இடைவெளி அதில் தெரியும். கூடவே டவர் காலில் உள்ள எண் பலகையையும் எடுங்கள். "பார்க் பக்கத்து டவர்" என்று சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது, எண்ணைச் சொன்னால் உடனே புரியும். கம்பியில் ஏதாவது தொங்கினால் இழுக்க வேண்டாம், மின்னகம் 94987 94987-ஐக் கூப்பிடுங்கள்.

எல்லாம் பொதுச் சாலையில் நின்றே எடுக்கலாம். டவரில் கை வைக்கவோ, துணை மின் நிலையச் சுவரை எட்டிப் பார்க்கவோ தேவையில்லை.

மூன்றாவது குறுக்குத் தெருத் தென்னையை ஜனவரியில் இப்படி இரண்டு படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதே இடத்தில் நின்று மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு மறுபடி எடுக்கணும். குடையோடு யாராவது துணைக்கு வந்தால் நல்லது. இரண்டையும் சேர்த்துச் செயலாளர் கடிதத்தோடு அனுப்பிவிடலாம்.