கைக்குட்டையில் ஒரு கணக்கு

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எல்லோரும் கைக்குட்டையை எடுங்கள். நூல் ஓடும் திசையில் நேராக இழுத்துப் பாருங்கள். அவ்வளவாக நீளாது. இப்போது மூலைக்கு மூலை இழுங்கள். நீளுது இல்லையா? பாவு நூலும் ஊடை நூலும் நீளவில்லை. அவற்றுக்கு இடையே இருந்த செங்கோணம்தான் சாய்ந்தது.

தையற்காரர்கள் இதைத்தான் 'கிராஸ்' என்கிறார்கள். ஜாக்கெட்டின் முன்பக்கத்தை 45 பாகை சாய்த்து வெட்டினால் உடம்போடு படியும். பாரீசில் மாட்லேன் வியோனே என்ற அம்மையார் 1920களில் முழு கவுனையே இப்படி வெட்டிப் புகழ்பெற்றார்.

இன்னொரு வழி, டாட். பந்தின்மேல் காகிதத்தைப் போர்த்தினால் சுருங்கும். வட்டக் காகிதத்தில் நடுப்புள்ளி வரை ஓர் ஆப்பு வெட்டியெடுத்து விளிம்புகளைச் சேர்த்தால் கூம்பாக எழும். துணியில் அந்த ஆப்பை வெட்டாமல் மடித்துப் பிடித்துத் தைத்தால் அதுதான் டாட். ஒரே இடத்தில் பிடிக்காமல் இடுப்பைச் சுற்றிப் பகிர்ந்துவிட்டால் பாவாடைச் சுருக்கு.

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று நினைக்கலாம். ரஷ்யக் கணித மேதை செபிஷேவ் 1878-இல் பாரீசில், அறிஞர்கள் கூடிய சபையில், துணி வெட்டுவதைப் பற்றியே உரையாற்றினார். அப்போது நம்ம காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.

அதே கணக்கை எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா சாக்பீஸால் போட்டுக்கொண்டிருந்தார். என் கல்லூரிக் கட்டணம் அந்தத் தையல் மெஷினிலிருந்துதான் வந்தது. ஆனால் சேர்க்கைப் படிவத்தில் 'தாயாரின் தொழில்' என்ற இடத்தில் நான் 'இல்லை' என்று எழுதினேன். கூச்சம்தான் காரணம்.

வேலைக்குப் போன பிறகு, தட்டைத் தகட்டை வளைத்து ஓர் இயந்திரத்துக்கு மூடி செய்ய வேண்டியிருந்தது. ஒரு மூலை மட்டும் மடங்கிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஊருக்கு வந்தபோது காகிதத்தில் செய்து அம்மாவிடம் காட்டினேன்.

"இங்க ஒரு டாட் புடிச்சா உக்காந்துடும் தம்பி" என்றார்.

அந்த இடத்தில் ஆப்பு வெட்டிப் பற்றவைத்தோம். மூடி உட்கார்ந்தது.

தம்பி தங்கைகளே, அந்தப் படிவம் உங்கள் கைக்கும் வரும். நான் தப்பாக எழுதியதை இன்று இந்த மேடையில் திருத்திக்கொள்கிறேன். தாயாரின் தொழில்: தையல்.