ஐஸ் வரலையா? கேஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி

இன்னைக்கும் டீபகிங்தான், ஆனா கோட் இல்ல. ஜூஸ் கடையில, ஹோட்டல்ல நிக்குமே, ஐஸ் க்யூப் மெஷின், அது.

மே மாசத்துல ஐஸ் பாதியா குறைஞ்சா, கடைக்காரர் மீதியை வெளியில காசு கொடுத்து வாங்கணும். எங்க தெருமுனை ஜூஸ் கடை அண்ணன் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். "கேஸ் கம்மி, அடிச்சுடலாம்"னு பதில். ஒரே கோடையில ரெண்டு தடவை அடிச்சாங்க. ஐஸ் ஏறவே இல்ல.

கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீராது. மூடின குழாய்க்குள்ளயே சுத்தும். குறைஞ்சிருந்தா எங்கயோ லீக்னு அர்த்தம். அதை அடைக்காம கேஸ் அடிக்கிறது, மெமரி லீக்கை விட்டுட்டு சர்வரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி.

சரி, எந்த வரிசையில பார்க்கணும்?

முதல்ல வெளியில. கண்டென்சர்ல தூசி அடைச்சிருக்கா? மெஷின் சுவரோட ஒட்டி, காத்து போக வழியில்லாம நிக்குதா? தண்ணி ஃபில்டர் அடைப்பா? தட்டுல உப்பு படிஞ்சிருக்கா? இதுக்கெல்லாம் கேஜ்கூட வேண்டாம்.

அடுத்து, ஐஸ் படியுற விதம். கேஸ் உள்ளே வர்ற பக்கம் தடிமனா, வெளியே போற பக்கம் மெலிசா இருந்தா, எவாப்பரேட்டருக்குப் போதுமான கேஸ் போகல. லீக்கா இருக்கலாம், எக்ஸ்பான்ஷன் வால்வ் சரியா திறக்காமலும் இருக்கலாம்.

மூணாவது, ஹாட் கேஸ் வால்வ். ஐஸ் உறைஞ்சதும் இது திறந்து, சூடான கேஸை தட்டுக்குள்ள அனுப்பி ஐஸை விழ வைக்கும். உறையும்போது முழுசா மூடியிருக்கணும். மூடலைன்னா, ஒரு பக்கம் குளிர வைக்கும்போதே இன்னொரு பக்கம் சூடு ஏறும். உறைய ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சும் வால்வோட இன்லெட் குழாய், கம்ப்ரஸர் டிஸ்சார்ஜ் குழாய் அளவுக்குக் கொதிச்சா, வால்வ்தான் லீக். இதை மெக்கானிக் பார்க்கட்டும், நீங்க கை வைக்காதீங்க, சுட்டுடும்.

கேஜும் சாட்சி சொல்லும். கேஸ் கம்மின்னா சக்‌ஷன் பிரஷர் குறையும். வால்வ் லீக்னா ஏறும். ரெண்டுலயும் ஐஸ் குறையும், வைத்தியம் வேற.

அண்ணன் மெஷின்ல வால்வ்தான். அதை மாத்தி, பழைய கேஸை எடுத்துட்டு, நேம்ப்ளேட்ல போட்டிருக்கிற எடைக்கு தராசுல வெச்சு நிரப்பினாங்க. இந்த மெஷின்களுக்கு கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் ஆகாது.

அதனால யாராவது கேஸ் அடிக்கணும்னு சொன்னா மூணே கேள்வி கேளுங்க: லீக் எங்க? சக்‌ஷன் பிரஷர் எவ்வளவு? தராசு கொண்டு வந்தீங்களா?

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!