கம்பெனி கைவிட்ட யந்திரமும் ஒரு டி.வி.டி. தட்டும்

(தொழிலாளர் படிப்பகத்தில் ஞாயிறு மாலை நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



மேஜைமேல் வெள்ளையாக நிற்கிறதே, அதைப் பற்றித்தான் இன்று பேச்சு. பார்த்தால் வெறும் டெலிவிஷன் திரை மாதிரி இருக்கிறது. தனியாகப் பெட்டி கிடையாது. யந்திரம் முழுவதும் அந்தத் திரைக்குப் பின்னாலேயே அடங்கியிருக்கிறது. ஐமேக் என்று பெயர். அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி 2006 செப்டம்பரில் வெளியிட்ட மாதிரி இது.

இது நம்மிடம் எப்படி வந்தது என்று பலருக்குத் தெரியும். நமக்குப் பல வருஷம் கணக்கெழுதிய மூத்த தோழர் மறைந்த பிறகு, அவர் மகள் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று கேட்டார்: "அப்பா எழுதி வைத்ததும் குடும்பப் படங்களும் இதற்குள்ளே இருக்கின்றன. அதை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். யந்திரத்தைப் படிப்பகமே வைத்துக்கொள்ளட்டும்." கடவுச்சொல் அவருக்குத் தெரியாது. ஒரு ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் இரண்டு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "கம்பெனியே இதைக் கைவிட்டாயிற்று. எடைக்குப் போடுங்கள்" என்றார்.

நம் கமிட்டியிலும் இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது. எடைக்குப் போட்டுவிட்டு வருகிற காசில் ஜன்னலுக்குக் கம்பி அடிக்கலாம் என்பது ஒன்று. வைத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. கூட்டம் முடிவதற்குள் இதைத் தீர்மானிக்க வேண்டும். அதற்கு முன்னால், இரவு வகுப்பைச் சேர்ந்த நாங்கள் மூன்று பேர் இந்த யந்திரத்தோடு என்ன செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

கம்பெனி கைவிட்டது என்றால் என்ன அர்த்தம்? மோட்டார் எரிந்துவிட்டதா? இல்லை. சுவிட்சைப் போட்டால் திரை எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, எழுத்துச் சாவிகள் விழுகின்றன. இரும்பில் குறையில்லை. ஆனால் கம்ப்யூட்டர் இரும்பால் மட்டும் ஓடுவதில்லை. திரையில் என்ன வரவேண்டும், சாவி அழுத்தினால் எந்த எழுத்து விழவேண்டும் என்று எல்லாவற்றையும் நடத்துகிற ஒரு ஆதார நிரல் வேண்டும். இயங்குதளம் என்கிறோம். ஆப்பிள் கம்பெனி இந்த மாதிரிக்குத் தன் இயங்குதளத்தின் 10.7ஆம் பதிப்பு வரை அனுமதித்தது. அது 2011இல் வந்தது. 2012இல் வந்த 10.8, இதில் ஏறாது. 10.7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014இல் நின்றன.

ஏன் ஏறாது? இதைக் கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். இந்த யந்திரத்தின் மூளை 64 பிட் வகை. புதிய பதிப்புக்கு வேண்டியதும் 64 பிட் மூளைதான். ஆனால் சுவிட்சைப் போட்டவுடன் மூளையைத் தட்டி எழுப்புகிற சிறு நிரல் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் கம்பெனி 32 பிட்டாக வைத்து விற்றது. பிறகு அதே காரணத்தால் வாசலில் நிறுத்தியது. மாடு வலுவாய் இருக்கிறது, மூக்கணாங்கயிறு பழையது, அதனால் வண்டியில் பூட்டமாட்டோம் என்பது போன்ற கதை.

கடவுச்சொல் தெரிந்து உள்ளே போயிருந்தாலும் பழைய இயங்குதளத்தில் நமக்கு அதிக லாபம் இருந்திராது. பி.எஃப். கணக்குப் பார்க்கவும், இ-ஷ்ரம் பதிவுக்கும் இணையதளத்துக்குப் போகவேண்டும். எந்த இணையதளமும் "நான் போலியல்ல" என்று ஒரு சான்றுப் பத்திரத்தை நீட்டும். அதில் கையெழுத்திட்டவரை நம்பலாமா என்று பார்க்க, கம்ப்யூட்டருக்குள் ஒரு பட்டியல் இருக்கும். உலகத்தில் ஏராளமான தளங்கள் நம்பியிருந்த அப்படி ஒரு மூலச் சான்றின் தவணை 2021 செப்டம்பர் 30இல் முடிந்தது. புதிய யந்திரங்களில் புதிய பெயர் முன்பே சேர்ந்துவிட்டது. பழைய மேக்குகளில் சேரவில்லை. ஒரே நாளில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த யந்திரங்கள் பல தளங்களைத் திறக்க மறுத்தன. பழைய பட்டியலைத் திருத்தக் கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை.

இனி லினக்ஸுக்கு வருவோம்.

1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஒரு இயங்குதளத்தின் உட்கருவை எழுதத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1983இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் சுதந்திரமான மென்பொருள் வேண்டும் என்று குனூ திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்துதான் இன்று லினக்ஸ் என்று அழைப்பது. 1992இல் டோர்வால்ட்ஸ் தன் உட்கருவையும் குனூவின் உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். யாரும் ஓட்டலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். திருத்தியதைக் கொடுக்கும்போது அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பதே அந்த உரிமத்தின் சாரம். எல்லாம் தொண்டர்கள் சும்மா செய்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கு உட்கருவில் பெரும்பகுதி வேலையைச் செய்கிறவர்கள் பெரிய கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிற எஞ்சினீயர்கள். ஆனால் செய்து முடித்த வேலையை எந்தக் கம்பெனியும் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது.

எங்கள் கையிலிருந்த கேள்வி இதுதான்: ஹார்ட் டிஸ்க்கில் தோழரின் எழுத்து இருக்கிறது. அதன்மேல் லினக்ஸை ஏற்றினால் அது அழிந்துபோகும். அப்படியானால் ஒன்றையும் தொடாமல் லினக்ஸை ஓட்ட வழி உண்டா?

உண்டு. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் நாப்பர் என்பவர் நாப்பிக்ஸ் என்ற ஒன்றை வெளியிட்டு இதைப் பிரபலமாக்கினார். இயங்குதளம் முழுவதையும் சுருக்கி ஒரே சி.டி.யில் அடைத்தார். 700 எம்.பி. கொள்ளுகிற சி.டி.யில் சுமார் 2 ஜி.பி. சரக்கு. யந்திரம் அந்தத் தட்டிலிருந்தே எழுந்திருக்கும். வேண்டியதை வேண்டியபோது பிரித்து எடுத்துக்கொள்ளும். தட்டில் எழுத முடியாதல்லவா? ஆகவே நீங்கள் செய்கிற மாறுதல் எல்லாம் தாற்காலிக நினைவகத்தில் நிற்கும். சுவிட்சை அணைத்தால் அத்தனையும் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கில், நாமாகப் போய்த் தொட்டாலொழிய, ஒரு கீறல் விழாது. ஏரைப் பூட்டுவதற்கு முன்னால் மண்ணைக் கிள்ளிப் பார்ப்பதில்லையா? அதே காரியம்தான்.

டெபியன் என்ற லினக்ஸின் இலேசான வடிவம் ஒன்றை இறக்கினோம். சி.டி.யில் கொள்ளாது, டி.வி.டி. தட்டு தேவைப்பட்டது. இறக்கிய கோப்பு முழுசாக வந்ததா என்று சரிபார்க்க ஒரு நீண்ட எண் கொடுத்திருப்பார்கள். நம் பக்கம் கணக்குப் போட்டால் அதே எண் வரவேண்டும். மில்லுக்கு வரும் பஞ்சுப் பேலை எடை பார்த்துத்தானே இறக்குகிறோம்? இதை விட்டுவிட்டால் பின்னால் குற்றம் யந்திரத்திலா, தட்டிலா என்று தெரியாமல் ஒரு நாள் வீணாகும். தட்டை மெதுவான வேகத்தில் எழுதுங்கள். பழைய யந்திரத்தின் கண் மங்கியிருக்கும். இதில் தட்டு வைக்கிற தட்டம் கிடையாது, பக்கவாட்டில் ஒரு கீற்றுத்தான். சிறிய அளவுத் தட்டைப் போட்டால் மாட்டிக்கொள்ளும்.

தட்டைப் போட்டுவிட்டு, சுவிட்சை அமுக்கியதும் 'ஆப்ஷன்' சாவியை அழுத்திப் பிடித்தோம். எதிலிருந்து எழுந்திருக்கட்டும் என்று யந்திரம் கேட்கும். ஹார்ட் டிஸ்க் ஒரு படமாகவும், தட்டு ஒரு படமாகவும் வந்தன. தட்டின் கீழே என்ன பெயர் தெரியுமா? 'விண்டோஸ்'! லினக்ஸ் என்ற ஒன்றை இந்த யந்திரம் அறியாது. தன்னுடையது அல்லாதது எல்லாம் விண்டோஸ்தான் என்பது அதன் எண்ணம். தட்டு மாறிவிட்டதோ என்று எங்களில் ஒருவர் பயந்தே போனார்.

அந்தப் படத்தைத் தேர்ந்தோம். கறுப்புத் திரை. அதில் 1, 2 என்று இரண்டு இலக்கம். எந்த வகையில் துவக்க வேண்டும், தேர்ந்தெடு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. 1ஐ அமுக்கினோம். அசையவில்லை. 2ஐ அமுக்கினோம். அசையவில்லை. சாவிப்பலகையே செத்துவிட்டது. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் அதேதான். கடைக்காரர் சொன்னது சரிதானோ என்று அன்றைக்கு இரவு நினைத்தோம்.

மறுநாள் தேடிப் படித்ததில் விஷயம் விளங்கியது. இக்காலத்துத் தட்டில் இரண்டு வாசல் வைத்திருப்பார்கள், பழைய முறைக்கு ஒன்று, புதிய முறைக்கு ஒன்று. 2006, 2007 காலத்து மேக்குகள் பலவற்றுக்கு இரண்டு வாசலைக் கண்டால் திகைப்பு. எதில் நுழைவது என்று கேட்கும். பதிலைக் கேட்கக் காதைத் திறந்து வைக்காது. பழைய வாசல் ஒன்றை மட்டும் வைத்துத் தட்டை மறுபடி எழுதினால் திகைப்பு தீர்ந்தது. கெட்டுப்போன தட்டு ஒன்று, செலவு அவ்வளவுதான். தட்டு உள்ளே மாட்டிக்கொண்டால், துவங்கும்போது மவுஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வெளியே தள்ளும்.

இரண்டாவது தட்டு சில நிமிஷம் கரகரவென்று சத்தம் போட்டது. பிறகு மேஜைத் திரை வந்தது. தமிழ் எழுத்து வந்தது. லினக்ஸில் தமிழ்99 சாவி அமைப்பு உண்டு. கம்பியைச் செருகியதும் இணையமும் கிடைத்தது. முன்பு சொன்ன சான்றுப் பட்டியல் புதியது தட்டிலேயே இருப்பதால் தளங்கள் முகம் சுளிக்காமல் திறந்தன. கம்பியில்லா வைஃபையை நம்பி வராதீர்கள். பழைய மேக்குகள் பலவற்றில் இருப்பது பிராட்காம் கம்பெனியின் சில்லு. அதற்கான சிறு நிரலைப் பல லினக்ஸ் தட்டுகளில் சேர்த்துத் தர உரிமையில்லை.

பிறகு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தோம். ஆப்பிள் முறையில் எழுதிய டிஸ்க்கை லினக்ஸ் சாதாரணமாக வாசிக்க மட்டுமே திறக்கும், எழுத விடாது. அன்றைக்கு அது எங்களுக்கு வசதியாகவே போயிற்று. கடவுச்சொல்லை யாரும் கேட்கவில்லை. கடவுச்சொல் காவல் நிற்பது ஆப்பிள் இயங்குதளத்தின் வாசலில். நாங்கள் அந்த வாசல் பக்கமே போகவில்லையே! தோழரின் படங்கள், கடிதங்கள், 14 வருஷச் சந்தாக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து மகள் கையில் கொடுத்தாயிற்று. கடிதங்களை நாங்கள் திறக்கவில்லை.

இதில் சந்தோஷப்படுவதற்கு இருப்பதைப் போலவே பயப்படுவதற்கும் இருக்கிறது. எங்களால் முடிந்தது என்றால், யந்திரத்தைத் திருடிக்கொண்டு போகிறவனாலும் முடியும். உறுப்பினர் பட்டியலை ஒரு கம்ப்யூட்டரில் வைத்துவிட்டுக் கடவுச்சொல் இருக்கிறதே என்று தூங்கிவிடக்கூடாது. டிஸ்க்கையே மறைமொழியாக்கிப் பூட்டவேண்டும். மேக்கில் ஃபைல்வால்ட் என்று அதற்கு ஒரு பூட்டு உண்டு. தோழர் அதைப் போட்டிருந்தால் எங்கள் தட்டு கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கும்.

லினக்ஸ் இருந்தால் எந்த யந்திரமும் சாகாது என்று சிலர் சொல்லுகிறார்கள். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 2006க்கு முன் வந்த மேக்குகளில் இருந்தது பவர்பிசி என்ற வேறு ஜாதி மூளை. ஆப்பிள் 2005இல் இன்டெல்லுக்கு மாறுவதாக அறிவித்து, 2009இல் வந்த 10.6ஆம் பதிப்போடு பவர்பிசியை விட்டுவிட்டது. லினக்ஸ் அதைத் தாங்கியது. 'சி' சாவியை அழுத்திப் பிடித்தால் தட்டிலிருந்து எழுந்த காலம் அது. ஆனால் 2017இல் வந்த டெபியன் 9, அந்தப் பழைய பவர்பிசி மேக்குகளைத் தன் அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து நீக்கியது. முதலாளி உத்தரவு போட்டு நீக்கவில்லை. ஒவ்வொரு நிரலையும் அந்த யந்திரத்தில் ஓட்டிப் பார்த்துப் பிழை திருத்த ஆட்கள் போதவில்லை. இன்னும் ஒரு சிலர் தனியே இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2006 ஜனவரியில் வந்த முதல் இன்டெல் மேக்குகளின் மூளை 32 பிட். 2025இல் வந்த டெபியன் 13, அவற்றையும் விட்டுவிட்டது. ரிங் ஃபிரேமை வாங்கிப் போட்டால் மட்டும் நூல் வருமா? எண்ணெய் விட, ஸ்பிண்டில் பார்க்க ஃபிட்டர் வேண்டாமா? உரிமம் சுதந்திரமாக இருக்கலாம்; அதைத் தாங்க யாராவது தினமும் வேலைக்கு வரவேண்டியிருக்கிறது.

நம் ஐமேக்கின் மூளை 64 பிட் என்பதால் இப்போதைக்குப் பிழைத்தது. எவ்வளவு நாள் என்று கேட்டால், அந்த வேலையைச் செய்கிறவர்கள் இருக்கும் வரை. ஆப்பிளோ 2025இல் வந்த 26ஆம் பதிப்புத்தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று சொல்லிவிட்டது. ஆகவே எடைக்கு வரப்போகிற யந்திரங்கள் இன்னும் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றில் தட்டு நுழைகிற கீற்றே கிடையாது, பென் டிரைவில்தான் எழுதவேண்டும். 2018 முதல் வந்த பல மாதிரிகள், உரிமையாளர் தம் கடவுச்சொல்லைப் போட்டு அனுமதித்தாலொழிய வெளியிலிருந்து எழுந்திருக்காது. கொடுக்க வருகிறவரிடம் வாங்கும்போதே அதைச் செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி கமிட்டியின் தீர்மானம். வைத்துக்கொள்வதென்றால் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து லினக்ஸை நிரந்தரமாக ஏற்றவேண்டும். தட்டிலிருந்தே தினமும் ஓட்டினால் மெதுவாக இருக்கும், செய்ததையும் மறந்துவிடும். மகள் பென் டிரைவைப் பார்த்து, எல்லாம் வந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் துடைக்கவேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அவர் இன்னும் சொல்லவில்லை, அவசரப்படுத்தவும் வேண்டாம். இதில் சினிமா பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் ஏமாந்துபோவீர்கள். மனு எழுதலாம், பி.எஃப். பார்க்கலாம், பிள்ளைகள் தட்டச்சுப் பழகலாம். 2 ஜி.பி. நினைவகத்துக்கு அதுதான் அளவு.

பின்வரிசைத் தோழர்கள் முன்னால் வாருங்கள். அந்த டியூப்லைட்டை யாராவது அணையுங்கள், திரை தெரியட்டும். தட்டைப் போடுகிறோம். 'விண்டோஸ்' என்று வரும், பயப்படாதீர்கள்.