கல்லீரல் நோயும் ஏ.எஃப்.பி. இரத்தப் பரிசோதனையும்
(ஆலய மண்டபத்தில் நடந்த சுகாதார விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"டாக்டர், என் கேன்சர் நம்பர் நார்மல்தான். இனிமேலும் வரவேண்டுமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். அந்த ஒரு கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப்போகிறேன்.

ஹெப்பாடைடிஸ் பி கிருமியை உடலில் சுமப்பவர்களுக்குப் பல்லாண்டுகள் எந்த வலியும் இருப்பதில்லை. இரத்ததானம் செய்யப் போன இடத்தில்தான் சிலருக்கு விஷயமே தெரியவருகிறது. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் 1987ஆம் ஆண்டு முதல் தடுப்பூசி போடப்படுகிறது. ஆகவே என் கவலை பெரும்பாலும் அதற்கு முன் பிறந்தவர்களைப் பற்றியது.

இக்கிருமி உள்ளவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் ஏ.எஃப்.பி. என்னும் புரதத்தை இரத்தத்தில் அளக்கிறோம். தாய் வயிற்றில் இருக்கும் சிசுவின் கல்லீரல் சுரப்பது இது. பிறந்தபின் வெகுவாகக் குறைந்துவிடும். கல்லீரலில் புற்றுநோய் தோன்றினால் மீண்டும் தலைகாட்டலாம்.

'தலைகாட்டலாம்' என்றேன், கவனியுங்கள். இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது உயர்வதே இல்லை. கட்டி சிறிதாக இருக்கும்போது உயராதவர்கள் இன்னும் அதிகம். மாறாக, புற்றுநோயே இல்லாமல் கிருமியால் கல்லீரல் அழற்சி கண்டாலும், கர்ப்ப காலத்திலும் உயரும். 30 என்று பார்த்துவிட்டு வீட்டில் அழுது புலம்ப வேண்டாம்; மருத்துவரிடம் வாருங்கள். 4 என்று பார்த்துவிட்டு இரண்டு வருடம் மறந்துவிடவும் வேண்டாம். எனக்குப் பயம் இரண்டாமவரைப் பற்றித்தான்.

ஓர் எண்ணைவிட அதன் போக்கு முக்கியம். 5, 9, 18 என்று ஏறிக்கொண்டே போனால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். எனவே பழைய ரிப்போர்ட்டுகளைப் பிள்ளையின் ஜாதகத்தைப் போலப் பத்திரமாக வையுங்கள். மருத்துவர் கண்காணிப்பில் இருக்கச் சொன்னவர்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் செய்துகொள்ள வேண்டும். ஸ்கேன்தான் முதன்மை, இரத்தப் பரிசோதனை அதற்குத் துணை. 2 சென்டிமீட்டர் கட்டியை வெட்டி எடுக்கலாம், ஊசி செலுத்திச் சுட்டும் அழிக்கலாம். வலி வந்தபின் என்றால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். மாத்திரை சாப்பிடுபவர்களும் வரவேண்டும். மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், அடியோடு நீக்காது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி வைக்காதீர்கள். அதற்கு அஞ்சியே சிலர் நோயை மறைத்து, பரிசோதனைக்கும் வராமல் இருந்துவிடுகிறார்கள். இது உணவால் பரவுவதில்லை. இரத்தம், உடலுறவு, பிரசவம் இவற்றால் பரவுவது. அன்னதானப் பந்தியில் தாராளமாகப் பக்கத்தில் உட்காருங்கள். கணவனோ மனைவியோ இரத்தத்தைச் சோதித்து, தேவையானால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். முடிகாணிக்கை செலுத்தும்போது மட்டும் புதிய பிளேடு கேட்டு வாங்குங்கள்.