பாபிலோனுக்குப் போன கடிதம்



தமிழ்ச் சங்க மேடையில் விவிலியக் கதையா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் சமயம் பேச வரவில்லை. சொந்த மண்ணை இழந்து வேற்று நாட்டில் வாழ நேர்ந்த யூதர்கள் என்ற சிறு இனம், தன்னைக் காத்துக்கொள்ள என்ன செய்தது என்பதைப் பேச வந்திருக்கிறேன். அதை அவர்களுடைய வேதமே ஒளிவுமறைவு இல்லாமல் எழுதி வைத்திருக்கிறது.

ஆபிரகாம், மோசே, தாவீது, சாலொமோன் கதைகள் உங்களுக்குத் தெரிந்தவை. சாலொமோனுக்குப் பிறகு அவர்கள் நாடு இரண்டாக உடைந்தது. வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா. கி.மு. 722 அளவில் வடநாட்டை அசீரியர்கள் வென்று, மக்களைத் தம் பேரரசின் பல மூலைகளுக்குக் கொண்டுபோனார்கள். போன கோத்திரங்கள் காலப்போக்கில் அங்கேயே கரைந்துபோயின. ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து யூதாவுக்கும் அதே கதி வந்தது. கி.மு. 597இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் அரசன் யோயாக்கீனைச் சிறைபிடித்தான். 586இல் எருசலேமையும் அங்கிருந்த ஆலயத்தையும் எரித்தான். ஆனால் யூதாவின் மக்கள் கரையவில்லை. இரு நாட்டாருக்கும் முன்னோர் ஒன்று, மொழி ஒன்று, தெய்வம் ஒன்று. பிறகு ஏன் இந்த வேறுபாடு? பல ஆண்டுகளாக என்னை விடாமல் பிடித்திருக்கும் கேள்வி இது.

முதல் சிறைக் கூட்டம் பாபிலோன் போய்ச் சேர்ந்த நாட்களில், இரண்டே வருடத்தில் எல்லோரும் ஊர் திரும்பிவிடலாம் என்று எருசலேமில் அனனியா என்ற தீர்க்கதரிசி முழங்கினார். கேட்க இதமான பேச்சு. எரேமியா என்ற இன்னொரு தீர்க்கதரிசியோ, அரசனின் தூதர்கள் கையில் பாபிலோனுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் விளைச்சலை உண்ணுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் நகரம் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள், அது நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள் என்பது அதன் சாரம். திரும்பும் காலத்தையும் சொன்னார்: எழுபது ஆண்டு. வாசித்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் மண்ணுக்குள் போயிருப்பார்கள். பாபிலோனில் இருந்த ஒருவர் கொதித்துப்போய், இந்தப் பைத்தியக்காரனை ஏன் இன்னும் தொழுவில் மாட்டவில்லை என்று எருசலேமுக்கு எழுதிக் கேட்டார். பெட்டியைப் பிரிக்காமலே காத்திருப்பவனிடம், பிரித்து அடுக்கி வை என்று சொன்னால் கோபம்தானே வரும்?

அவர்கள் பிரித்து அடுக்கினார்கள் என்பதற்குக் களிமண்ணே சாட்சி. பாபிலோன் அகழாய்வில் கிடைத்த அரண்மனைக் கணக்குகளில், யூதா அரசன் யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து பிள்ளைகளுக்கும் அளந்து கொடுத்த எண்ணெய் பதிவாகியிருக்கிறது. அண்மைக் காலத்தில் இன்னொரு தொகுதி களிமண் பலகைகள் வெளியாயின. தெற்கு ஈராக்கில் யூதர்கள் குடியேறியிருந்த ‘அல் யாகூது’ என்ற ஊரைச் சேர்ந்தவை அவை. கி.மு. 572 தொடங்கி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் நீள்கின்றன. பார்லிக் கடன், பேரீச்சை, குத்தகை, வரி என்று எல்லாமே சாதாரண மனிதர்களின் பாடு. அவற்றில் ஒரு பலகையில், ஆப்பெழுத்தில் எழுதிய பத்திரத்தோடு செலேமியா என்ற பெயர் மட்டும் தனியே எபிரேய எழுத்தில் கீறப்பட்டிருக்கிறது. அந்தப் பலகையின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இந்தப் பலகைகளில்தான் என் கேள்விக்குப் பாதி விடை. அசீரியா சிதறடித்தது, பாபிலோன் கூட்டமாகக் குடியமர்த்தியது. அங்கே யூதர்கள் ஓர் ஊராக, அக்கம்பக்கமாக இருந்தார்கள்.

கி.மு. 539இல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைப் பிடித்து, ஊர் திரும்ப வழிவிட்டான். திரும்பியவர்கள் 42,360 பேர், அவர்களுடன் பாடகர் 200 பேர் என்று விவிலியத்தின் எஸ்றா நூல் கணக்குத் தருகிறது. திரும்பாமல் அங்கேயே தங்கியவர்களும் ஏராளம். புதிய ஆலயத்துக்கு அடித்தளம் போட்ட நாளில் இளையவர்கள் ஆர்ப்பரித்தார்கள். பழைய ஆலயத்தைக் கண்ணால் கண்ட முதியவர்கள் கதறி அழுதார்கள். எது அழுகை, எது ஆரவாரம் என்று பிரித்தறிய முடியாதபடி அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்டதாம்.

பிள்ளைகளின் மொழிக் கவலை அவர்களுக்கும் இருந்தது, அதுவும் சொந்த மண்ணிலேயே. பாரசீக மன்னனுக்குப் பானம் பரிமாறும் உயர்ந்த பதவியில் இருந்த நெகேமியா, எருசலேமுக்கு வந்து 52 நாளில் மதிலைக் கட்டி முடித்தவர். இரண்டாம் முறை வந்தபோது, கலப்புமணக் குடும்பங்களின் பிள்ளைகளில் பாதிப் பேர் பக்கத்து நகரமான அஸ்தோத்தின் மொழி பேசுவதையும், அவர்களுக்கு யூதாவின் மொழி வராததையும் கண்டார். தகப்பன்மாரைச் சபித்தார், சிலரை அடித்தார், தலைமயிரைப் பிடித்து இழுத்தார். அவரே எழுதுகிறார். நெகேமியா மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு. இந்த இடத்தில் மட்டும் அவர் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை. அடியினால் அந்தப் பிள்ளைகள் மொழி கற்றார்கள் என்று அவர்கூட எழுதவில்லை.

மிச்சப் பாதி விடை அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்த ஒரு காலைப் பொழுதில் இருக்கிறது. எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன்னால் மக்கள் திரண்டார்கள். ஆண்கள், பெண்கள், கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய எல்லோரும். வேத அறிஞர் எஸ்றா மரமேடையில் ஏறி, விடியற்காலை தொடங்கி நண்பகல் வரை அவர்களுடைய வேதச் சட்டமான நியாயப்பிரமாணத்தை உரக்க வாசித்தார். ஆலயப் பணி செய்யும் லேவியர்கள் மக்களுக்கு அதன் பொருளை விளக்கினார்கள். அந்த விளக்கம் அன்றைய பேச்சுமொழியான அரமேயத்தில் நடந்தது என்பது யூத மரபு. மக்கள் அழுதார்கள். அழாதீர்கள், போய் நன்றாகச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் கொடுத்தனுப்புங்கள் என்று எஸ்றாவும் லேவியர்களும் சொல்லி அனுப்பினார்கள். அரசு போனது, எபிரேய எழுத்தின் பழைய வடிவம்கூட மெல்லப் போய் அரமேய வடிவம் வந்தது. உரக்க வாசிப்பதும் பொருள் சொல்வதும் நிற்கவில்லை. ரோமர்கள் கி.பி. 70இல் அந்த இரண்டாம் ஆலயத்தையும் அழித்த பிறகு, யூதர்களை ஓர் இனமாக நிறுத்தியது இந்த வழக்கம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம்மில் பலர் வேலை தேடி இந்த நாட்டுக்கு வந்தோம். சிலர் போருக்குத் தப்பி வந்தீர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இந்த அரங்கில் தமிழ் அரைகுறையாகப் புரியும் பிள்ளைகள் எல்லா வீட்டிலிருந்தும் வந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். அடுத்த ஆண்டு விழாவில் ஆடல் பாடலோடு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டியோ தாத்தாவோ மேடையேறி ஒரு தமிழ் நூலை உரக்க வாசிக்கட்டும். பிள்ளைகள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அவர்களுக்குப் புரியும் மொழியிலேயே பொருள் சொல்லட்டும். செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாசிக்க ஆள் வேண்டுமென்றால் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.