பெசன்ட் நகரில் குடியேறலாமா?

கைக்குழந்தையும் நாலு வயதுப் பெண்ணும் இருக்கிறார்கள், சென்னை பெசன்ட் நகரில் வீடு பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் முதலில் கடற்கரையில் நிற்கும் அந்த வெள்ளை நினைவுச்சின்னத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1930 டிசம்பரில், கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரர் கார்ல் ஷ்மிட்டுக்காகக் கட்டியது அது.

இந்தக் கடலில் ஆபத்து இப்படித்தான் வரும்: அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர், குறுகலான வழியில் வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை அடங்கி, கடல் சாதுவாகத் தெரியும். பெற்றவர்கள் ஏமாந்துபோவது அங்கேதான். முழங்கால் தண்ணீரில்கூடப் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

மற்றதைச் சமாளிக்கலாம். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். அப்புறம், வீட்டை ஒரு ஞாயிறு மாலையில் போய்ப் பாருங்கள். ஊரே கடற்கரைக்கு வரும் நேரம் அது. அன்றைக்குத் தெருவில் பிள்ளை சைக்கிள் ஓட்ட முடியுமா என்று தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் ஈடாக, ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைத் தேடியெடுத்துப் பாதுகாக்கிறார்கள். சுமார் 50 நாளில் குஞ்சு பொரியும். உங்கள் நாலு வயதுப் பெண் மணலில் உட்கார்ந்து, உள்ளங்கையைவிடச் சிறிய ஆமைக்குஞ்சு தத்தித் தத்திக் கடலுக்குள் போவதைப் பார்க்கலாம்.