பாலையும் நம் பிள்ளைகளும்



சென்ற மார்கழியில், நம் சங்கத் தமிழ் வகுப்பில் பயிலும் தொடக்கப் பள்ளிச் சிறுவர் சிறுமியரை, ஜோத்பூரை அடுத்த மோக்லாவாசிலுள்ள அர்ணா ஜர்ணா பாலைவன அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றோம். புறப்படுமுன் நம்மிடையே எழுந்த கருத்து வேற்றுமையை மறைக்க வேண்டுவதில்லை. “கோட்டையைக் காட்டாமல் துடைப்பத்தையா காட்டுவது?” என்று சிலர் வினவினர். அதற்கு விடை கூறுவது நம் கடமை.

இராஜஸ்தானத்து மக்கள் கலைகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட கோமல் கோத்தாரி (1929–2004) அவர்களின் எண்ணத்தில் உருவானது அக்காட்சியகம். 1960-இல் விஜய்தான் தேத்தாவுடன் சேர்ந்து ரூபாயன் சன்ஸ்தானை நிறுவியவர் அவர். கைவிடப்பட்ட மணற்கல் சுரங்கத்தில், பாலைச் செடிகளுக்கிடையே அது அமைந்துள்ளது. மன்னர்களின் வாளும் மகுடமும் அங்கே இல்லை. மட்பாண்டங்களும் இசைக்கருவிகளும் நூற்றுக்கு மேற்பட்ட துடைப்பங்களும் உள்ளன. இம்மாநிலத்தைக் கம்பு, சோளம், மக்காச்சோளம் என விளையும் தானியத்தைக் கொண்டே பகுத்துக் கண்டவர் கோத்தாரி. வீட்டினுள் பெருக்க மெல்லிய புல்லாலானது, முற்றத்துக்கு முரட்டுச் செடியாலானது என்று துடைப்பங்களும் மண்ணின் கதையையே கூறுகின்றன.

அவற்றை நெடுநேரம் நோக்கிய நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “நம் வீட்டு ஈர்க்கு விளக்குமாறு இங்கே ஏன் இல்லை?” என்று கேட்டாள். உடன் வந்த தாய்மார் நகைத்தனர். அதற்குள் அருகிலிருந்த சிறுவன், “இங்கே தென்னை ஏது?” என்றான். நாம் பல நாள் கற்பிக்க எண்ணியதை அவ்விருவரும் ஒரு நொடியில் கற்றுக்கொண்டனர்!

நம் இலக்கியத்தில் பாலை, பிரிவுக்குரிய திணை. பொருள் தேடிப் பிரிந்து வந்த நாம், இந்நிலத்தை இன்றும் அவ்வாறே காண்கிறோம். “ஒன்றும் விளையாத ஊர்” என்று பிள்ளைகள் காதுபடப் பேசுகிறோம். ஆனால், இங்கே பிறந்த அவர்களுக்கு இது பிரிவின் நிலமன்று, பிறந்த மண். அதை வெறுமையென்று எண்ணி வளரும் பிள்ளை, காணாத தமிழகத்தையும் பெறாது. கண்முன் உள்ள ஊரையும் இழக்கும்.

திரும்பும் வழியில் கேஜ்ரி மரத்தைக் காட்டினோம். அது நம் வன்னி மரமே. விருத்தாசலம் கோயிலின் தலமரம். அம்மரங்களைக் காக்க 1730-இல் ஜோத்பூரை அடுத்த கேஜர்லியில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் ஈந்தனர் என்று கூறியபோது பேருந்து அமைதியாயிற்று. இரு மண்ணையும் இணைக்க அவ்வொரு மரம் போதுமன்றோ?

ஆகவே, இப்பயணம் ஆண்டுதோறும் நிகழ வேண்டுமென வேண்டுகிறோம். செலவு பெரிதன்று, ஒரு பேருந்தும் கட்டுச்சோறும் போதும். அடுத்த முறை புறப்படுமுன், தம் வீட்டு விளக்குமாறு எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் பாட்டியரிடம் கேட்டு வரட்டும். நாமும் உடன் செல்வோம். கற்க வேண்டியவர் பிள்ளைகள் மட்டுமல்லர்.